டெலாப்ளேன் வீட்டுக் கோடு

அன்று எங்கள் ப்ரூம் தெருக் கட்டடத்தின் மாடியறையில் இருந்தவர்கள்: வண்டி வாங்க வந்த திருமதி கான்ஸ்டன்ஸ் டெலாப்ளேன், அவருடைய ஒரே மகன் ருஃபஸ், ருஃபஸுக்கு நிச்சயமாகியிருந்த லெட்டி ஹாப்குட் என்ற பெண், என் தம்பி கில்பர்ட் வெர்வேலன், எங்களிடம் வண்டிப் படம் வரைந்துகொண்டிருந்த எமில் லுட்ஸ், ஜெமைமா வெர்வேலனாகிய நான். வேறு யாரும் இல்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டதாகச் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. அது கனத்த ஓக் கதவு. உள்பக்கம் கம்பளித் திரை தொங்கும். வெளியே நிற்பவர் காதில் எதுவும் விழாது.

என் தாத்தா காலத்திலிருந்து நியூயார்க்கின் பழைய குடும்பங்களுக்கு வண்டி கட்டுகிறவர்கள் நாங்கள். கடை என்று யாராவது சொன்னால் என் தந்தை திருத்துவார். வெர்வேலன் வீடு என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மரத்தை அறுப்பதற்கு முன் படம் வரைவோம். பழுப்புத் தாளில், பக்கவாட்டில், வண்டி மட்டும். உடற்பலகையின்மேல் பிசின் பூசி வார்னிஷின் பளபளப்பைக்கூடப் படத்தில் கொண்டுவந்துவிடுவார் லுட்ஸ். வாடிக்கையாளருக்கு இரண்டு படம் காட்டுவோம். ஒன்றில் கையெழுத்திட்டு எடுத்துக்கொள்வார். மற்றது எங்களிடம் தங்கும்.

கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் சக்கரத்தில் இழுக்கும் கோடு ஒன்று உண்டு. அதன் நிறம், தடிமன், இடைவெளி எல்லாம் அந்த வீட்டுக்கே உரியவை. அவற்றை மாதிரிப் பலகைகளில் தீட்டி, பெயர் எழுதி, பூட்டி வைத்திருக்கிறோம். ஒரு வீட்டுக் கோட்டை இன்னொரு வீட்டுக்குப் போட மாட்டோம். அந்தக் குடும்பத்தின் தலைவர் நேரில் வந்து சொன்னால்தான் போடுவோம், அவர் சொன்னால்தான் எடுப்போம். எந்த வண்டிக்கு, யார் ஏறுவதற்கு என்று கேட்பதில்லை. டெலாப்ளேன் வீட்டுக் கோடு செம்பு நிறத்தில் ஒரு தடித்த கோடு, அதையொட்டி தலைமயிர் அளவுக்கு வெள்ளையில் இன்னொன்று. ஆரக்கால் சக்கரக் குடத்தைத் தொடும் இடத்தில் இரண்டும் ஒன்றாகி முடியும்.

அந்த வாரத் தொடக்கத்தில் திருமதி டெலாப்ளேன் தனியாக வந்திருந்தார்.

"என் மகன் ஒரு பொண்ணைப் பாத்து வச்சிருக்கான். ட்ராய் ஊர்க்காரி. அப்பன் செங்கல் வண்டி ஓட்டிப் பெரிய மனுஷனானவன். இங்க கூட்டிட்டு வர்றேன். கல்யாணத்துக்கு நான் குடுக்கற வண்டிய அவளே எடுத்துக்கட்டும்" என்றார்.

"ரொம்ப சந்தோஷம், மேடம்" என்றான் கில்பர்ட்.

"உனக்கு சந்தோஷமாத்தான் இருக்கும். நல்ல படமா நாலு எடுத்து வைங்க. அதோட அந்த மஞ்சள் விக்டோரியாவையும் வைங்க."

கில்பர்ட் என்னைப் பார்த்தான். ஊரில் மஞ்சள் விக்டோரியா ஒன்றுதான். எலுமிச்சை நிற உடல், கறுப்புச் சக்கரம், தரையோடு தரையாகத் தாழ்ந்த, மேலே திறந்த வண்டி. இருபத்தாறாம் தெருவில் தனி வீட்டில் இருந்த மிஸஸ் ஃபென் என்பவள் பிற்பகலில் பூங்காவுக்கு ஓட்டிப்போவது. அவளை யாரோ பெரிய மனிதர் வைத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். யார் என்பது தெரியாது. அந்த வண்டி எங்கள் வீட்டில் கட்டியதுதான். என் அண்ணன் ஏப்ரஹாம் தனியாக வாங்கிக்கொண்டு, பூட்டிய கொட்டகையில் முடித்த வேலை அது. யாருக்காக என்று எங்களிடம்கூடச் சொல்லவில்லை, அடுத்த குளிர்காலத்தில் காலமாகிவிட்டார். அவர் சொல்லச் சொல்ல வரைந்தவர் லுட்ஸ்.

"ஒருத்தர் படத்த இன்னொருத்தருக்குக் காட்டறது எங்க வீட்டு வழக்கமில்ல, மேடம்" என்றேன்.

"கையெழுத்துப் போட்ட படத்தையா கேட்டேன்? எடுத்துக்காம விட்டுட்டுப் போன படம் ஒண்ணு உங்ககிட்ட கிடக்குமே, மிஸ் வெர்வேலன். அது யாரோட சொத்து?"

அது எங்கள் சொத்துதான். அதைக் காட்டக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

"அத எதுக்கு, மேடம்?" என்றான் கில்பர்ட்.

"வண்டியில வளந்த பொண்ணுக்கு மஞ்சளப் பாத்தா வாயூறும். அவ அதைத் தொட்டாப் போதும். என் பையன் பக்கத்துலயே நிப்பான். நான் நூறு தடவ சொல்லியும் ஏறாதது, அத ஒரு தடவ பாத்தா ஏறும். இவளக் கூட்டிட்டுப் போயி யார் வீட்டுல உக்காத்தி வைக்கறதுன்னு அவனே யோசிப்பான். நான் கெட்டவளாக வேண்டியதில்ல."

நல்ல குடும்பத்துப் பெண்ணாக இருந்தால் நாலு படங்களில் ஒன்றை எடுப்பாள், எடுத்தால் கல்யாணம் நடக்கும். மஞ்சளை எடுத்தால் நடக்காது. நான் ஒப்புக்கொண்டேன்.

அந்த நாள் காலையில் படங்களை மேஜையில் பரப்பிக்கொண்டிருந்தபோது லுட்ஸ் என் அருகே வந்து நின்றார். ஐரோப்பாவின் அல்சேஸிலிருந்து இளம் வயதில் வந்து எங்கள் வீட்டிலேயே தலை நரைத்தவர்.

"அம்மா, அந்த மஞ்சள் படம் வேணாம்மா. அதுல..."

"அதுல என்ன? சக்கரம் போட மறந்துட்டீங்களா?"

கில்பர்ட் சிரித்தான். லுட்ஸ் சிரிக்கவில்லை.

"அண்ணன் உயிரோட இருந்தப்ப யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு சொல்லி வரையச் சொன்னது, அம்மா. அதனாலதான் சொல்றேன். அது வெளிய வர வேணாம்."

"அண்ணன் இப்ப இல்ல. நான் இருக்கேன். உங்ககிட்ட படம் கேட்டேன், யோசனை கேக்கல."

அவர் போய் எடுத்துவந்து கடைசியில் வைத்தார். முகம் சுண்டியிருந்தது. நான் அந்தப் படத்தைக் குனிந்து பார்க்கவில்லை. வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கீழே கேட்டுவிட்டது.

லெட்டி ஹாப்குட் உயரமான பெண். அகன்ற தோள், பெரிய கைகள். அந்தக் கைகளைச் சாம்பல் நிறக் கையுறைக்குள் இறுக்கித் திணித்திருந்தாள். என்னைக் கண்டதும் வணக்கம் சொல்லி, மரியாதைக்காக ஒரு கையுறையைக் கழற்றப் போனாள்.

"கழட்டாத. பாத்தா பயந்துடுவாங்க" என்றார் திருமதி டெலாப்ளேன்.

"சரிங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

"மேடம்னே கூப்பிடு. கல்யாணம் ஆனதுக்கப்புறம் மத்ததப் பத்திப் பேசிக்கலாம்."

ருஃபஸ் சன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழகான பையன். தந்தையைப் போலவே நல்ல உயரம், நன்றாகத் தைத்த கோட்டு. அதற்குமேல் அவனைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

வடக்குப் பக்கத்து வெளிச்சத்தில் ஐந்து படங்களும் இருந்தன. அந்தப் பெண் மேஜையோரமாக மெதுவாக நடந்து பார்த்தாள்.

"குதிரையே இல்லையே?" என்றாள்.

"குதிரைக்கு என்ன, உங்கப்பா குடுப்பாரு. செங்கல் இழுத்து இழுத்து வயசான குதிரை லாயம் நெறைய நிக்குமே" என்றார் திருமதி டெலாப்ளேன்.

கில்பர்ட் இருமினான். பெண்ணின் காது சிவந்தது. ஆனால் சிரித்தாள். அவளைச் சீண்டினால் சிரித்துவிடுவாள் என்று அதில் தெரிந்துகொண்டேன்.

தன்னைக் கேட்காமலே லுட்ஸ் பதில் சொன்னார். "குதிரைய வரைஞ்சா கண்ணு குதிரை மேல போயிடும், மிஸ். ஆள வரைஞ்சா ஆள் மேல போயிடும். அதான் வண்டிய மட்டும் வரையறது. சக்கரம் ஓடாம நிக்கும், நிதானமாப் பாக்கலாம்."

அவள் நிதானமாகத்தான் பார்த்தாள். அடர்ந்த பச்சையில் ஒரு மூடு வண்டி, நீலத்தில் இரண்டு, கருஞ்சிவப்பில் கூரை மடங்கும் லாண்டோ வண்டி ஒன்று. அந்த லாண்டோவின் முன்னால் நின்றாள். உள்ளே பழுப்புத் துணி, வெளியே எந்த அலட்டலும் இல்லாத கருஞ்சிவப்பு. டெலாப்ளேன் வீட்டு மருமகள் என்ன எடுக்க வேண்டுமோ அதுதான் அது. நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

"இது ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். கையை அந்தப் படத்தின் ஓரத்தில் வைத்தாள்.

ருஃபஸ் முதல்முறையாகத் திரும்பினான். "ஆமா லெட்டி. நல்லா இருக்கு. அதையே எடுத்துக்க."

திருமதி டெலாப்ளேனின் உதடு மெலிந்தது. அந்தக் கணத்தில் அவர் தோற்றுவிட்டார். விட்டுவிட்டிருந்தால் அக்டோபரில் கல்யாணம் நடந்திருக்கும். அவர் விடவில்லை.

"என்ன அவசரம்? இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே. மேலாக்கப் பாத்துட்டு எடுக்கறதா? கீழயும் பாரு, சக்கரத்தையும் பாரு. வாழ்நாளெல்லாம் ஏறப்போற வண்டி."

அந்தப் பெண் சொன்னபடி செய்தாள். கடைசிப் படத்துக்கு வந்தாள். மஞ்சளைப் பார்த்து அவள் புருவம் சுருங்கியதை நான் கவனித்தேன். பிறகு குனிந்தாள். குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவள் கண் நிறைந்திருந்தது. சின்னக் குழந்தையைப் போல ஒரு சிரிப்பு. அந்தப் படத்தை இரண்டு கைகளாலும் எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"இதுதான், மேடம். இதையே எடுத்துக்கறேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"ருஃபஸ், இங்க வா. கேட்டியா? உன் பொண்டாட்டியா வரப்போறவ எத எடுத்துட்டான்னு பாரு." திருமதி டெலாப்ளேன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பற்கள் தெரிய அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். "ஏம்மா, அது யாரு வண்டின்னு தெரியுமா? இருபத்தாறாம் தெரு மிஸஸ் ஃபென்னோட வண்டி. அவ யாருன்னு உனக்குத் தெரியாது. இதோ நிக்கறானே, இவனக் கேளு. இந்த ஊர்ல மீச மொளச்ச எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் தொடுப்பா வச்சிருக்கற பொம்பள. ஊர்ல இருக்கற அத்தன வண்டியையும் விட்டுட்டு உன் கண்ணு அவ வண்டி மேலதான் விழுந்துச்சு. ரத்தம் ரத்தத்த அடையாளம் கண்டுக்குது."

"அம்மா" என்றான் ருஃபஸ்.

"என்ன அம்மா? நானா எடுத்துக் குடுத்தேன்? ஒண்ணுக்கு அஞ்சு வச்சேன். சபையில என் பக்கத்துல உக்கார வேண்டியவ. நாளைக்கு இவ மஞ்சள் வண்டியில வந்து இறங்கட்டும், பாதிரியார் கை குடுத்து இறக்கி விடுவாரு."

ருஃபஸ் அந்தப் பெண்ணைப் பார்த்தான். தாய் எதிர்பார்த்த பார்வைதான் அது. அருவருப்பில்லை, வெட்கம். அவளுக்காக வெட்கப்படத் தொடங்கிவிட்டான். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

லெட்டி ஹாப்குட் படத்தை மேஜையில் வைத்தாள். அவள் அழவில்லை. புரியாமல் நின்றாள்.

"மஞ்சள் எனக்குப் பிடிக்கவே இல்ல, மேடம். அந்தக் கருஞ்சிவப்புதான் பிடிச்சுது. ஆனா இதுலதான் உங்க வீட்டுக் கோடு இருக்கு. எனக்காகச் சொல்லி வரைய வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"என்ன கோடு?"

அவள் கையுறையைக் கழற்றினாள். சுண்டுவிரலைத் தாளில் படாமல் சக்கரத்தின் மேலே பிடித்துக் காட்டினாள்.

"உங்க வண்டிச் சக்கரத்துல இருக்கற கோடுதான். நீங்க ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் போயிட்டு வர்றப்ப என்னை வெளியில வண்டிகிட்டயே நிக்கச் சொல்லுவீங்கல்ல? குளிர் காலம் பூரா நின்னேனே. வேற என்ன பாக்கறது? அதத்தான் பாத்துட்டிருப்பேன். செம்பு மாதிரி ஒரு தடிச்ச கோடு, பக்கத்துல வெள்ளையா மயிரிழை மாதிரி ஒண்ணு. குடத்துகிட்ட போனதும் ரெண்டும் சேந்துக்கும். கண்ண மூடிட்டுக்கூட வரைவேன். அந்த நாலு படத்துலயும் அது இல்ல. இதுல இருக்கு. சரி, வாயால சொல்லாட்டியும் மனசுல என்னை ஏத்துக்கிட்டீங்கன்னு..."

எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அந்தக் கோடு அத்தனை காலம் ஊர் நடுவே ஓடியும் ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்று கேட்கலாம். ஓடும் சக்கரத்தில் கோடு தெரியாது. நிற்கும்போது கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். மிஸஸ் ஃபென்னின் வண்டி அருகே மரியாதையுள்ள பெண் போக மாட்டாள். அது எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திருமதி டெலாப்ளேன் வேறு யாரையும்விட வேகமாகத் திருப்பிக்கொள்பவர்.

அவர் எழுந்தார். கைப்பிடி வைத்த கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா, அப்பாவா..." என்றான் ருஃபஸ்.

"வாய மூடு."

நிமிர்ந்தபோது அவர் முகம் பழையபடி இருந்தது. அந்தத் திடத்தை நான் மதிக்கிறேன்.

"மிஸ் வெர்வேலன், இது உங்க ஆள் செஞ்ச தப்பு. இல்லையா?"

நான் படத்தை என் பக்கம் திருப்பிக் குனிந்து பார்த்தேன்.

"தப்பு யாருக்கும் வரும். பலகை மாறிப்போயிருக்கும். வேற வீட்டுப் பலகைய எடுக்கறதுக்குப் பதிலா எங்க வீட்டுத எடுத்துட்டான். அப்படித்தானே? தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் மனசுல வச்சுக்க மாட்டேன். கருஞ்சிவப்பு வண்டிய இப்பவே சொல்லிடறேன். பொண்ணுக்கும் நல்ல கண்ணு, பரவால்ல. அக்டோபர்ல கல்யாணத்த வச்சுக்கலாம்." சொல்லிக்கொண்டே அந்தப் பெண்ணின் தோளில் கையை வைத்தார். அதற்கு முன் அவளை அவர் தொட்டிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். அவள் உடம்பு அப்படித் துள்ளியது.

பேரம் எல்லோருக்கும் புரிந்தது. நான் தப்பு என்று சொன்னால் அந்தப் பெண் அந்த வீட்டுக்கு மருமகள். சொல்லாவிட்டால், அந்த வீட்டு எஜமானரின் அசிங்கத்தைக் கண்ணால் பார்த்தவள்.

"என் தப்புதான், மேடம்" என்றார் லுட்ஸ். முன்னால் வந்து நின்றார். "பலகை மாறிப்போச்சு. நான்தான் சரியாப் பாக்காம..."

"பாத்தீங்களா? அவரே சொல்றாரு" என்றார் திருமதி டெலாப்ளேன்.

"அக்கா, சொல்லிடேன்" என்றான் கில்பர்ட் என் காதருகே. "யாருக்கு என்ன நஷ்டம்?"

என் தந்தை ஒருமுறை முடிந்துபோன ஒரு வண்டியை வாசலிலிருந்து திரும்ப இழுத்துவரச் செய்தார். கோட்டின் வெள்ளை ஓர் இழை அகன்றிருந்தது. வாங்க வந்தவருக்கே தெரியவில்லை. நாலு சக்கரத்தையும் மரம் தெரியும்வரை சுரண்டி மறுபடி தீட்டிக் கொடுத்தார். அந்தத் தந்தையின் மகள் நான்.

"லுட்ஸ், டெலாப்ளேன் பலகையக் கொண்டு வாங்க" என்றேன்.

"அம்மா, வேணாம்மா."

"கொண்டு வாங்க."

கொண்டுவந்தார். பலகையை வாங்கிப் படத்தின் பக்கத்தில் வைத்தேன். எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். நிறம், தடிமன், இடைவெளி, குடத்தருகே முடியும் வளைவு, எதிலும் ஒரு இழைகூட வித்தியாசம் இல்லை.

"கோடு சரியா இருக்கு, மேடம். எங்க வீட்டுல கோடு தப்பாது. லுட்ஸ் இரக்கப்பட்டு பொய் சொல்றாரு. இந்தக் கோட்டப் போடச் சொல்ல ஒருத்தருக்குத்தான் உரிமை இருக்கு. உங்க குடும்பத் தலைவருக்கு. அவரு வந்து சொல்லாம இது இந்தச் சக்கரத்துல ஏறியிருக்காது."

கில்பர்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். கையுறை இல்லாத கை என் கையைத் தொடுவதுபோல வந்து நின்றுவிட்டது.

"ஒரு வார்த்தைதானேம்மா. தப்புன்னு சொன்னா உங்களுக்கு என்ன கொறஞ்சுடும்?"

"உங்க கல்யாணம் உங்களுக்கு, மிஸ் ஹாப்குட். எங்க வீட்டுப் பேரு எனக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்க முடியாது."

திருமதி டெலாப்ளேன் அவள் தோளிலிருந்து எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தார். இப்போது அந்தக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கையுறையப் போட்டுக்க" என்றார் அவளிடம். பிறகு மகனிடம், "ருஃபஸ், இந்தப் பொண்ண ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வா."

"எந்த ரயிலுக்கும்மா?"

"ட்ராய்க்கு எத்தன ரயில் போகுது? தினமும் எனக்கு எதிர்ல உக்காந்து சூப்புக் குடிச்சுக்கிட்டே என் முகத்தையும் உங்கப்பா முகத்தையும் மாத்தி மாத்திப் பாக்க எனக்கு ஒருத்தி வேண்டாம்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், மேடம்" என்றாள் லெட்டி ஹாப்குட்.

"நீ சொல்ல வேண்டாம். உனக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

அவள் ருஃபஸைப் பார்த்தாள். நாங்கள் எல்லோருமே அவனைப் பார்த்தோம். அவன் தொப்பியை எடுத்தான். உள்பக்கத்தைப் பார்த்தான். துடைத்தான்.

"லெட்டி, கெளம்பலாமா? நேரமாகுது" என்றான்.

அவள் மேஜையில் கோணலாகக் கிடந்த மஞ்சள் படத்தை மற்ற நாலோடு வரிசையாகச் சரிசெய்து வைத்தாள். கையுறையைப் போட்டுக்கொள்ளவில்லை.

"உங்க வண்டிகிட்ட நின்னது போதும், மேடம். நான் நடந்தே போறேன்" என்று சொல்லி, கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் படியிறங்கினாள். கனத்த காலடி. கடைசிப் படிவரை கேட்டது. ருஃபஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். அவன் பின்னால் போகவில்லை.

திருமதி டெலாப்ளேன் போகும்போது வாசலில் நின்றிருந்த தன் வண்டியை ஒருமுறை பார்த்தார். மேலே சன்னலிலிருந்து நான் கண்டேன். சக்கரத்தைப் பார்க்காமல் ஏற முயன்று மிதிபலகையில் கால் தவறினார்; வண்டிக்காரர் தாங்கிப் பிடித்தார்.

அவர்கள் போனதும் லுட்ஸைக் கூப்பிட்டேன்.

"வாடிக்கையாளர் முன்னால எங்க கோடு தப்புன்னு சொன்னீங்க."

"அந்தப் பொண்ணுக்காகச் சொன்னேம்மா."

"யாருக்காகச் சொன்னா என்ன? நாளைக்கு ஊர்ல அதத்தான் பேசுவாங்க. உங்க பிரஷ்ஷையெல்லாம் எடுத்துட்டுப் போங்க."

"அக்கா! இவரு இங்கயே கெழவனானவரு" என்றான் கில்பர்ட்.

"அதனாலதான் பிரஷ்ஷை எடுத்துட்டுப் போகச் சொல்றேன். வேற ஒருத்தரா இருந்தா அதையும் விட மாட்டேன்."

லுட்ஸ் என்னைப் பார்த்தார். முதல்முறையாக அம்மா என்று சொல்லாமல் பேசினார். "சரியா வரைஞ்சேன்னு சொல்லி ஒருத்தி கல்யாணத்த நிறுத்தினீங்க. தப்பா வரைஞ்சேன்னு சொன்னதுக்கு என்னை நிறுத்தறீங்க. உங்க வீட்டுல ஒரு மனுஷன் எப்படித்தான் வரையறது?"

"கேட்டத மட்டும் வரையறது" என்றேன்.

சில நாட்களில் திரு. டெலாப்ளேனே வந்தார். கோட்டை எடுக்கவும் குடும்பத் தலைவர்தான் நேரில் சொல்ல வேண்டும். அந்த விதி அவருக்குத் தெரியும். முற்றத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்தி வருபவர், அன்று கண்ணை நிமிர்த்தவில்லை.

"கோட்டை எடுத்துடணும். என் மனைவி ஏறற வண்டிகள்ல" என்றார்.

"எல்லா வண்டியிலயுமா, சார்?" என்றான் கில்பர்ட்.

"என் மனைவி ஏறற வண்டிகள்ல" என்று அதையே மறுபடி சொன்னார்.

மஞ்சள் விக்டோரியாவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததைக் கேட்பது எங்கள் வழக்கமில்லை. டெலாப்ளேன் வீட்டு வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. சக்கரங்களைச் சுரண்டி, வெறும் கறுப்பு பூசி அனுப்பினோம். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டுக்கு இருந்த கோடு அதன் பிறகு ஊரில் ஒரே ஒரு வண்டியில்தான் ஓடியது. முன்பு அந்த வண்டியைக் கண்டால் முகம் திருப்பிக்கொண்ட பெண்கள், இப்போது அது நிற்குமிடத்தில் தங்கள் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லிச் சக்கரத்தைப் பார்க்கிறார்கள். ருஃபஸ் ஒரு கப்பல் கம்பெனிக்காரரின் மகளை மணந்தான். அவளுக்கு வண்டி எங்களிடம் வாங்கவில்லை.

அந்தப் பெண் அன்று படகுத்துறையில் விழுந்து செத்துப்போனாள் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை. ட்ராயில் தன் தந்தை வீட்டில் இருக்கிறாள், கல்யாணம் ஆகவில்லை.

இன்னொரு பேச்சும் உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வெர்வேலன் வீட்டுப் படக்காரர் கை தவறி வேறு வீட்டுக் கோட்டைப் போட்டுவிட்டார், அந்தத் தவறால் ஒரு கல்யாணம் நின்றது, அதற்காகத்தான் அவரை வெளியே அனுப்பினோம் என்கிறார்கள். திருமதி டெலாப்ளேன் போகும் வீடெல்லாம் இதைச் சொல்கிறார். கை தவறவில்லை. கோடு சரியாகத்தான் இருந்தது.